ஷூவின் அடிப்பக்கம்

ஆறு பேர் தோள்கொடுக்கிற சவப்பெட்டிக்கு அடியில் ஒருத்தன் இருமினால்கூட மற்ற ஐந்து தோளுக்கும் தெரிந்துவிடும். அந்த மாதிரி வேலை அது. செத்தவரை மண்டபத்திலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி. கறுப்புக் கோட்டு, கறுப்பு டை, கறுப்புத் தோல் ஷூ. முகத்தில் துக்கம் தெரியவேண்டும். ஆனால் செத்தவர் வீட்டுக்காரர்களைவிட ஒரு மாற்றுக் குறைவாகத் தெரியவேண்டும். இதையெல்லாம் முதலாளி ஆறு பேரையும் வரிசையாக நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பார்.

முன்வரிசையில் உயரமாக நிற்பவருக்குக் கூட்டாளிகள் வைத்த பேர் நெட்டை, பின்வரிசையில் வலதுபக்கம் தோள்கொடுப்பவருக்குச் சோடா. ஒரு காலத்தில் குடித்துக் குடித்து வீட்டையும் வேலையையும் ஒரேயடியாகக் கரைத்துவிடப் பார்த்த மனுஷன். நிறுத்தினார் பாருங்கள், நிறுத்தினது நிறுத்தினதுதான். ஒன்பது வருஷமாக எவன் ஊற்றிக்கொடுத்தாலும் "எனக்கு சோடா போதும்ப்பா" என்று ஒதுங்கிவிடுவார். கிண்டலுக்கு வைத்த பேர்தான், ஆனால் போகப்போக அதில் மரியாதையும் சேர்ந்துகொண்டது. அவர் மனைவிக்கு அந்தப் பேர் ரொம்பப் பிடிக்கும். யாராவது வாசலில் நின்று "சோடா அண்ணன் இருக்காரா?" என்று கேட்டால், "இருக்காரு, வாங்க" என்று சொல்லும்போது அவள் குரல் ஒரு படி ஏறும்.

ஷூ அவள் பொறுப்பு. குடியை விட்ட புதிதில் அவருக்குக் கை நடுங்கும். பாலிஷ் டப்பியைத் திறந்தால் மூடி ஒரு பக்கம் ஓடும், டப்பி ஒரு பக்கம் ஓடும். லேஸைக் கோக்க முடியாமல் ஒருநாள் உட்கார்ந்து அழுதேவிட்டார். அன்றைக்கு அவள் ஷூவைப் பிடுங்கிக்கொண்டு சொன்னாள்: "விடுங்க. வாயை நீங்க பார்த்துக்குங்க, காலை நான் பார்த்துக்கறேன்."

அதற்கப்புறம் கை நடுக்கம் நின்றுபோயிற்று, ஆனால் ஷூ அவளிடமே தங்கிவிட்டது. விடிந்ததும் ஜன்னலோரம் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்துவிடுவாள். பிஸ்கட் டின்னுக்குள் இரண்டு பிரஷ், ஒரு தேய்ந்துபோன டூத்பிரஷ், கிழிந்த பனியன் துணி. முதலில் லேஸை உருவவேண்டும். டூத்பிரஷ்ஷால் தையல் ஓரத்து மண்ணை எடுக்கவேண்டும். ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு விரலில் துணியைச் சுற்றி, பாலிஷைக் கொஞ்சமாகத் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கவேண்டும். அப்பிவிட்டால் போச்சு, தோல் மூச்சு முட்டிவிடும் என்பாள். ஊறினதும் பிரஷ், அப்புறம் ஒரு சொட்டுத் தண்ணீர், மறுபடி துணி. மழையில் நனைந்து வந்தால் உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில்தான் காயவைப்பாள். ஆரம்பத்தில் அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்து ஒரு ஜோடியை வெடிக்கவிட்டிருக்கிறாள், அந்தப் பாடம் போதும். இவ்வளவு வேலையும் யாரும் சொல்லித் தராமல் தானே கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. மற்ற ஐந்து பேர் ஷூவும் இவர் ஷூவுக்குப் பக்கத்தில் நின்றால் மூஞ்சி கழுவாத பிள்ளைகளாகத்தான் தெரியும்.

அந்த ஷூவுக்கு அடிப்பக்கமும் தோல்தான். முன்பு ரப்பர் அடி வைத்த ஷூதான் போட்டிருந்தார்கள். மண்டபத்துச் சலவைக்கல் தரையில் அது கீச் கீச் என்று கத்தும். "துக்கவீட்டுல எலி ஓடற மாதிரி இருக்குய்யா" என்று முதலாளி ஒரே நாளில் எல்லோருக்கும் தோல் அடி வைத்ததாக மாற்றிவிட்டார். அதைத் தெருவில் போட்டு நடக்கக்கூடாது. ரப்பர் செருப்போடு பஸ் ஏறிப் போய், துணிப்பையில் இருக்கிற ஷூவை மண்டபத்தில் மாட்டிக்கொள்ளவேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி பை.

ஒருநாள் சாயங்காலம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஆனால் அது நல்ல சிரிப்பில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"இப்பல்லாம் போட்டோ புடிக்கிறாங்கடி. சாவுக்கும் ஆல்பம் போடறாங்களாம். பெட்டியை இறக்கும்போது ஒரு முட்டி போட்டு உட்காருவோம்ல, அப்ப ஒருத்தன் பின்னாலேருந்து எடுத்திருக்கான். என் ஷூ அடி படத்துல பெருசா விழுந்திருக்கு."

"விழுந்தா என்ன?"

"என்னவா? சாக்கடையில நடந்துட்டு வந்தவனெல்லாம் எங்க அம்மாவைத் தூக்கறதான்னு பார்ட்டி கேட்டுட்டாங்களாம். முதலாளி அந்தப் படத்தை எல்லாருக்கும் காட்டறாரு. மேலே முகம் பார்த்துக்கலாம், கீழே முகம் சுளிச்சுக்கலாம்னு ஒரே நக்கல்."

"உங்க ஷூவைப் பார்த்தா அப்படிச் சொன்னாங்க?"

"என் ஷூதான். பின்வரிசையில நான்தானே மாட்டிக்கிட்டேன். விடு, பசிக்குது, எதையாவது போடு."

சொல்லிவிட்டு அவர் மறந்துவிட்டார். சாப்பிட்டார், படுத்தார், குறட்டையும் விட்டார். அவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. 'என் ஷூ' என்று அவர் சொன்னது அவள் காதில் 'உன் வேலை' என்றுதான் விழுந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் வேலையை ஒருத்தர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் கழித்து ஒரு தூறல் விழுந்த காலையில், மேல்பக்கம் முடிந்ததும் ஷூவைக் கவிழ்த்துப் போட்டாள். கத்தியின் முதுகால் அடித்தோலைச் சுரண்டினாள். நடந்து நடந்து சொரசொரவென்று ஆகியிருந்த தோல், சுரண்டச் சுரண்ட வழவழவென்று வந்தது. துடைத்தாள், காயவிட்டாள், பாலிஷ் வைத்தாள். தோல் குடித்துவிட்டது. இன்னொரு பூச்சு. அப்புறம் இன்னொன்று. பிரஷ், தண்ணீர்ச் சொட்டு, பனியன் துணி. கடைசியில் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கத்திலும் ஜன்னல் தெரிந்தது. எடுங்கடா இப்ப படம் என்று நினைத்துக்கொண்டாள். அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பார்த்து, சாயங்காலம் வந்து சொல்லட்டும் என்ற ஆசை. துணிப்பைக்குள் வைத்து முடிச்சுப்போட்டுக் கொடுத்தாள்.

பதினோரு மணிக்குச் சவவண்டி ஓட்டுகிறவர் வாசலில் வந்து நின்றார். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"அக்கா, பதறாதீங்க."

பதறாதீங்க என்று சொன்னால் எந்தப் பொம்பளை பதறாமல் இருப்பாள்? கையிலிருந்த பாத்திரத்தை அப்படியே தரையில் வைத்தாள்.

"மண்டபத்துப் படி இறங்கும்போது சோடா அண்ணன் விழுந்துட்டாரு. அவருக்கு ஒண்ணும் இல்லை, முழங்கையிலதான் அடி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"பெட்டி?"

"பெட்டி பின்பக்கம் இறங்கி, அப்படியே சறுக்கிட்டு முன்னால போயிடுச்சு. முன்வரிசையில நெட்டை நின்னாரு. வலது கால் மேல வந்து உட்கார்ந்துடுச்சுக்கா. தேக்குப் பெட்டி."

"ஐயோ. பெட்டி திறந்துக்கலையே?"

"இல்லை. மூடி புடிச்சிருந்துச்சு. ஆனா அந்த வீட்டுப் பொம்பளைங்க போட்ட சத்தம் இருக்கே..." அவர் தலையைத் துவட்டிக்கொண்டார். போகாமல் நின்றார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. காலையில கிளம்பும்போது அண்ணன் நல்லாத்தானே இருந்தாரு?"

"ஏன்?"

"இல்லை, ஒருத்தருக்கும் கால் தடுக்கலை. அவரு மட்டும் வழுக்கிட்டுப் போனாரு. கூட நின்னவங்க ஒரு மாதிரி பேசிக்கறாங்க. சோடாவுல என்னத்தைக் கலந்தான்னு."

தரையில் வைத்த பாத்திரத்தை அவள் அன்றைக்கு எடுக்கவே இல்லை.

மூன்று மணிக்கு அவர் வந்தார். சட்டைக் கையைக் கிழித்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுக்கப் பக்கத்தில் போனவள் அப்படியே நின்றாள். குப்பென்று ஒரு வாடை.

"என்ன வாடை இது?"

"ஸ்பிரிட்டு. ஆஸ்பத்திரியில வச்சுத் துடைச்சாங்க. முழங்கை பூராவும் சிராய்ப்பு."

"ஸ்பிரிட்டு."

"ஆமா."

"எனக்குத் தெரியாத வாடையா அது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்தாவது அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"குடிச்சியா?"

அவர் குடித்துவிட்டு வாசலில் விழுந்து கிடந்த காலத்தில்கூட அவள் 'நீங்க' என்றுதான் எழுப்புவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் 'நீ' வந்தது.

"இல்லை."

"என் தலையில அடிச்சுச் சொல்லு."

"சத்தியம் பண்ணினாத்தான் நம்புவியா?"

"பண்ணிப் பண்ணித்தானே அப்ப ஏமாத்தினே."

"அப்ப வேண்டாம்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் எழுந்து துணிப்பையை எடுத்து அலமாரியின் மேல்தட்டுக்கும் மேலே தூக்கி வைத்தார். "இந்தப் பையைத் தொடாதே" என்றார்.

"ஈர ஷூவை அப்படியே மூட்டை கட்டி வச்சா..."

"தொடாதேன்னு சொன்னேன்."

இங்கேதான் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. ஷூவைத் தையல் தையலாக அறிந்தவள். வழுக்கினார் என்று காதில் விழுந்ததும் அவள் மனசு ஓடியிருக்கவேண்டிய இடம் கால். ஓடினது வாய்க்கு. ஆனால் திட்டி என்ன பிரயோஜனம்? ஒன்பது வருஷமாக அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் ஐந்து நிமிஷம் தாமதமானால் நெஞ்சு அடித்துக்கொள்கிறவள் அவள். சிரிக்கும்போதும் சமைக்கும்போதும் அந்தப் பயம் ஒரு மூலையில் உட்கார்ந்தேதான் இருந்தது. இன்றைக்கு அது எழுந்து வந்து அவளுக்கு முன்னால் பேசிவிட்டது.

முதலாளி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டார். செத்தவர் வீட்டில் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டாராம். மகள் வெளியூரிலிருந்து போன் பண்ணினாள். "அடி பட்டிருக்காமே?" என்று கேட்டுவிட்டு, குரலை இறக்கி, "அம்மா, அப்பா மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரா?" என்றாள். அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டது. தூறல் விடவே இல்லை. மூன்று நாளும் அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் நெட்டையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தொடாதே என்று சொன்ன பைக்குள் பாட்டில் இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயம். முன்பெல்லாம் அரிசி டிரம்மில் ஒளித்திருக்கிறார், தண்ணீர்த் தொட்டியில் ஒளித்திருக்கிறார். ஷூப் பை எம்மாத்திரம்?

முடிச்சை அவிழ்த்ததும் பூசண வாடைதான் முதலில் வந்தது. ஷூவின் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் கையை விட்டு விரல் நுனி வரை துழாவினாள். பாட்டில் இல்லை. பையை உதறினாள். ஒரு மூடிகூட இல்லை. அப்புறம்தான் வலது ஷூவைத் திருப்பினாள்.

அவள் போட்ட பளபளப்பு அப்படியே இருந்தது. குதிகாலிலிருந்து விரல்பக்கம் வரை ஒரே ஒரு நீளக் கோடு. மெழுகு உரிந்து வழித்தெடுத்தது போலிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது.

"ஐயோ" என்றாள், தனியாக. "நான்தான். நான்தானே."

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் திரும்பி வந்தபோது செய்தித்தாள்மேல் இரண்டு ஷூவும் கவிழ்ந்து கிடந்தன, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"தொடாதேன்னு சொன்னேன்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"கேக்கறேன்ல, தெரியுமா தெரியாதா?"

"விழுந்து கிடந்தப்பவே தெரியும். ஒரு ஷூ கழண்டு என் மூஞ்சிக்கு நேரா கிடந்துச்சு. அடிப்பக்கம் மேலே. தூறல் விழுந்துச்சு, ஒரு துளிகூட அதுல நிக்கலை. என்னடா இது கண்ணாடியாட்டம்னு பார்த்தேன். உடனே புரிஞ்சுபோச்சு. இப்படிப் போடறதுக்கு ஊர்ல ஒரு ஆள்தான்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல? நான் உங்களை என்னல்லாம் கேட்டேன்!"

"கேட்டே."

"அப்பவாவது எடுத்து என் மூஞ்சியில விட்டெறிஞ்சிருக்கலாம்ல?"

"நெட்டைக்குக் கணுக்கால் எலும்பு பொடிப்பொடியா போயிருக்காம். இன்னைக்கு என்னை உள்ளேயே விடலை அவன் பொண்டாட்டி. வாசல்லயே நிக்கவச்சுக் குடிகார நாயேன்னா. நான் கேட்டுட்டு வந்துட்டேன். எனக்குப் பழக்கம், நான் கேக்காத பேச்சா? உன்னால முடியுமா? நீதான் காரணம்னு தெரிஞ்சா நாளைக்கு அவ முகத்துல எப்படி முழிப்பே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. ரெண்டு மாசம் போனா ஊருக்கு வேற கதை கிடைச்சுடும். எங்கயாவது மூட்டை தூக்கிப் பொழைச்சுக்கலாம். மூட்டைக்கு ஷூ வேண்டாம்."

"என்னை மன்னிச்சிடுங்க."

"பாலிஷ் போட்டதுக்கா? அதுக்கெதுக்கு மன்னிப்பு, ஆசையா போட்டே." அவர் உள்ளே போகத் திரும்பினார். பிறகு நின்றார். "ஒண்ணு மட்டும் சொல்றேன். குடிக்கலைன்னு நான் வாயால சொன்னேன், நீ நம்பலை. ஷூ சொன்னதும் நம்பிட்டே."

அவர் சொன்னபடி அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, யாருக்குத் தெரியும். அவளால் முடியவில்லை. சோடா என்ற பேரைத் தெரு பறித்தது போதாதென்று வீட்டுக்குள் வைத்துத் தானும் பறித்தோமே என்று மனசு அறுத்தது. மறுநாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஷூப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கம்பெனி முற்றத்தில் சவவண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த நாலு பேரும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் நேராக ஆபீஸுக்குள் போய் முதலாளியின் மேசைமேல் ஷூவைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஏம்மா, மேசை மேலயா ஷூவை வைக்கறது?"

"பாருங்க. அவரு குடிக்கலை. நான் அடியில பாலிஷ் போட்டுட்டேன். படத்துல அசிங்கமா இருக்குன்னீங்களாமே, அதனால போட்டேன். அவருக்கே தெரியாது."

முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நாலு பேரும் கதவோரம் வந்துவிட்டார்கள். அதில் ஒருத்தன் சொன்னான்: "புருஷனைக் காப்பாத்த எந்தப் பொண்டாட்டியும் இப்படித்தான் வந்து நிப்பா. நேத்து உட்கார்ந்து போட்டிருக்கலாமே?"

"இந்தக் கோடு? இதையும் நேத்து போட்டேனா?"

"ஒரு கரண்டி போதுமே கீறறதுக்கு."

அவள் சுற்றிப் பார்த்தாள். முதலாளியின் மேசையிலிருந்த செய்தித்தாளைக் கேட்காமலே எடுத்துக் கிழித்தாள். கசக்கி இரண்டு ஷூவுக்குள்ளும் திணித்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்தப் பெரிய ஷூவில் காலை விட்டு லேஸை இறுக்கினாள். வெளியே வந்து, வண்டி கழுவ வைத்திருந்த வாளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை ஆபீஸ் படிமேல் வீசினாள். வழவழவென்று இழைத்த கல் படி.

"அம்மா, வேணாம்மா" என்றார் முதலாளி.

அவள் ஒரு படி இறங்கினாள். இரண்டாவது படியில் கால் அவளைக் கேட்காமல் முன்னால் பறந்தது. முதுகு படியில் மோத, ஊன்றின வலதுகை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒருத்தன் சிரிக்க வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் அவர்கள் கண்ணால் பார்த்தது அச்சு அசலாக இதைத்தான்.

கரண்டி என்று சொன்னவனே ஓடிவந்து தூக்கினான். "குடிச்சவன் இப்படி விழமாட்டான்யா" என்றான் மற்றவர்களைப் பார்த்து. "முட்டி மடங்கித்தான் விழுவான். நான் எத்தனை தடவை விழுந்திருக்கேன். இது எனக்கு அன்னைக்கே தோணியிருக்கணும்."

முதலாளி மோவாயைத் தடவிக்கொண்டார். "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லும்மா" என்றார். "ஆனா நெட்டை வீட்டுல நான் போய்ச் சொல்லமாட்டேன். அதை நீதான் சொல்லணும்."

கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவள் கைக்குக் கட்டுப் போட ஒரு வரிசை, நெட்டையைப் பார்க்க ஒரு வரிசை. நெட்டையின் மனைவி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசுக்காரி. அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். சொன்னதையெல்லாம் உரித்துக்கொண்டே கேட்டாள். சுளையை நார் நாராக எடுத்து ஓரமாக வைத்தாள்.

"குடிச்சிட்டுப் போட்டுட்டான்னு நினைச்சு மூணு நாளா அந்த ஆளைத் திட்டினேன்" என்றாள் கடைசியில். "திட்டினா கொஞ்சம் ஆறும். இப்ப நான் யாரைத் திட்டறது? சுத்தமா வேலை செஞ்சதுக்கு உங்களைத் திட்டவா?"

"திட்டும்மா. நல்லா திட்டு."

"போங்க" என்றாள் அவள். வாயில் 'அக்கா' வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கட்டுப்போட்ட மணிக்கட்டைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"போய்ச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். எல்லார்கிட்டயும். நாளைக்கு வரச் சொன்னாரு."

அவர் முகத்தில் சந்தோஷம் இருக்கும் என்று அவள் தேடினாள். இல்லை.

"நான்தான் தூக்கிட்டுப் போயிட்டிருந்தேனே" என்றார். "பாதி வழியில யாரு உன்னை இறக்கச் சொன்னது?"

வேலைக்குப் போனார். கூட்டாளிகள் முன்பைவிடச் சத்தமாக, சோடா சோடா என்று கூப்பிட்டார்கள். செய்ததற்கு ஈடு கட்டுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். நெட்டையின் இடத்தில் புதிதாக ஓர் ஆள் வந்தான். உயரம் போதாமல் தோளில் துணியை மடித்து வைத்துக்கொள்கிறானாம். வீட்டில் இரண்டு பேரும் தேவையானதைப் பேசினார்கள். உப்பு இருக்கிறதா, விளக்கை அணைக்கவா, அந்த மாதிரி. அவள் கை ஆறும்வரை ஷூவை அவரே துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம், வெயில் நன்றாக ஏறின ஒரு காலைநேரம், நெட்டையின் மனைவி வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு துணிப்பை.

"உள்ளே வாம்மா."

"இல்லை, நிக்கறேன்."

"எப்படி இருக்காரு?"

"சீழ் வச்சுடுச்சு. வியாழக்கிழமை எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.

"முதலாளி வந்தாரு" என்று நெட்டையின் மனைவி தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினாள். ஒப்பிப்பது போல இருந்தது. "ஆபீஸ்ல போன் எடுக்கற வேலை தர்றேன்னாரு. உட்கார்ந்தே பார்க்கலாமாம். நல்ல மனுஷன்தான். ஆனா பார்ட்டிங்க வந்து போற இடம், கோட்டு, டை, ஷூ எல்லாம் பழையபடி இருக்கணும்னாரு."

பைக்குள் கையை விட்டு எடுத்தாள். ஒரே ஒரு ஷூ. இடதுகால் ஷூ.

"இது ஒண்ணுதான் இனிமே. எனக்கு இந்த வேலையெல்லாம் வராது. நீங்கதான் நல்லா போடுவீங்க."

"கொடும்மா."

"வாரா வாரம் கொண்டு வருவேன்."

"கொண்டு வா."

"நீங்க இருக்கிற வரைக்கும்."

"சரி."

அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெறும் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள்.

இவள் ஷூவோடு உள்ளே திரும்பினபோது அவர் ஜன்னலோரம் செய்தித்தாளை விரித்துவிட்டிருந்தார். பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தார். அவள் உட்கார்ந்து லேஸை உருவினாள். வலதுகையால் ஷூவை அழுத்திப் பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு இன்னும் சேரவில்லை. இரண்டு தடவை நழுவியது. அவர் எதிரே உட்கார்ந்து, ஷூவுக்குள் கையை விட்டு, அசையாமல் பிடித்துக்கொண்டார். அவள் இடதுகையால் தையல் ஓரத்து மண்ணை எடுக்க ஆரம்பித்தாள். நெட்டைக்குக் கால் பெரிது. அந்த ஒன்றை முடிக்கவே மத்தியானமாகிவிட்டது.